தெய்வானையும் மூணு சாம்பிள் டைல்ஸும்

ஒரு ஊர்ல ஒரு பாத்ரூம் இருந்துச்சு. சிரிக்காத. எல்லாக் கதையும் அரண்மனையிலயேதான் நடக்கணுமா? ராஜாவும் குளிச்சிருப்பார் இல்ல, அந்த மாதிரி நினைச்சுக்கோ. கண்ணை மூடு. காலைத் தூக்கி என் மேல போடாத, புழுக்கமா இருக்கு. நான் சொல்லச் சொல்ல ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுடும். சரியா?

ம்.

அந்த ஊர்ல ஏழு டைல்ஸ் கடை இருந்துச்சு. ஒரு நல்ல செருப்புக் கடை கிடையாது, ஏழு டைல்ஸ் கடை. அங்க ஒரு வீடு. வீட்டுல ஆறு பேர். மாமனார் கோமதிநாயகம், தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர், இன்னும் முத்திரை குத்தற மாதிரியேதான் பேசுவார், டக்கு டக்குன்னு. மாமியார் காந்திமதி. அவங்க வாயைத் திறந்தா மாமனார் குத்தின முத்திரை செல்லாது. அவங்க பையன் ரத்னசபாபதி, எதைக் கேட்டாலும் "அம்மாவைக் கேளு"ன்னு ஒரே பதில். அப்புறம் அவனோட ரெண்டு பொண்ணுங்க, பெரியவ, சின்னவ. அப்புறம், கடைசியா, தெய்வானை. ரத்னசபாபதியோட பொண்டாட்டி.

ஆறு பேருக்கும் ஒரே பாத்ரூம். அது ஒரு பெரிய கொடுமை, விடு.

அந்த வீடு பூரா வெள்ளை. ஹால் வெள்ளை, ரூம் வெள்ளை, மாடிப்படிச் சுவர் வெள்ளை. "வெள்ளைன்னாதான் அழுக்குத் தெரியும், உடனே துடைச்சுடலாம்"னு மாமியார் சொல்வாங்க. துடைக்கறது யாருன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க.

தெய்வானை கல்யாணமாகி வந்து பதினாலு வருஷம். அந்த வீட்டுல எதையும் அவ பார்த்து எடுத்தது கிடையாது. திரைச்சீலை மாமியார் எடுத்தது. மிக்ஸி புருஷன் எடுத்தது. தீபாவளிப் புடவையைக்கூட நாத்தனார் எடுத்து பார்சல்ல அனுப்பிடுவா, பாசிப் பயறு கலர்ல. காலையில எழுந்ததுல இருந்து தெய்வானை, காபி. தெய்வானை, துண்டு. தெய்வானை, என் கண்ணாடி எங்க. கண்ணாடி மாமனார் நெத்தியிலயே இருக்கும். எல்லாரும் குளிச்சு முடிச்ச அப்புறம் பத்தரை மணிக்கு அவ குளிக்கப் போவா. அந்தக் கால் மணி நேரம்தான் அவளை யாரும் கூப்பிட முடியாத நேரம். கூப்பிட்டாலும் "குளிக்கறேன்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும், வாயை மூடிக்குவாங்க. அப்படி ஒரு நிம்மதி. ஆனா அந்தக் கால் மணி நேரமும் எதைப் பார்த்துக்கிட்டு நிக்கறா? பாசி பிடிச்ச சிமெண்டுச் சுவரை.

ம் எங்க?

ம்.

அப்புறம் ஒரு நாள் மாமனார் குளிச்சுக்கிட்டு இருக்காரு. சளப், சளப். திடீர்னு தொபுக். என்னடான்னு பார்த்தா, சுவத்துல இருந்து காரை பெயர்ந்து வாளிக்குள்ள விழுந்துடுச்சு. மாமனார் பாதி சோப்போட வெளிய வந்து நின்னார். "முடியாது. சுவத்தை மாத்தியே ஆகணும்." முத்திரை.

உடனே தாசன் மேஸ்திரியைக் கூப்பிட்டாங்க. டைல்ஸ் ஒட்டறதுல அந்த ஊர்லயே கெட்டிக்காரர். அவர் சுவத்தைத் தட்டிப் பார்த்தார், டொக்கு டொக்குன்னு. "வியாழக்கிழமை வர்றேன். அதை விட்டா ஒரு கல்யாண மண்டபத்து வேலைக்குப் போயிடுவேன், அப்புறம் ஆடி கழிச்சுத்தான். புதன்கிழமைக்குள்ள டைல்ஸை எடுத்து வெச்சிடுங்க"ன்னுட்டு வெத்தலையைத் துப்பிட்டுப் போயிட்டார்.

யாரு போய் எடுக்கறது? வெளிய வெயில் மண்டையைப் பிளக்குது. மாமனார் நியூஸ் பேப்பரைப் பிரிச்சார். ரத்னசபாபதி போனைப் பார்த்தான். மாமியாருக்கு முட்டி வலி வந்துடுச்சு, டக்குன்னு. ஒருத்தருக்கும் வேண்டாத வேலைன்னா அது யார்கிட்ட வந்து சேரும்?

ம், தெரியுதே உனக்கு.

அப்போ தெய்வானை சொன்னா, "நான் போறேன் அத்தை. ஆனா வெள்ளை எடுக்க மாட்டேன். நல்ல கலரா எடுப்பேன்."

காந்திமதி அவளை ஏற இறங்கப் பார்த்தாங்க. "கலரா?"

"கலர்தான். நாலஞ்சு கலர்."

"சரி, எடு. சாம்பிளை முதல்ல வீட்டுக்குக் கொண்டு வா. இந்த வீட்டுல ஆறு பேர் இருக்கோம். ஆறு பேரும் மூஞ்சி சுளிக்காமக் குளிக்கணும். புதன்கிழமைக்குள்ள அமையலைன்னா வெள்ளைதான். பேச்சு கிடையாது."

தெய்வானை தலையை ஆட்டினா. பதினாலு வருஷத்துக்கு அப்புறம் ஒரு சுவர் அவ கைக்கு வந்திருக்கு. நகை கேட்டாளா, காசி ராமேஸ்வரம் கேட்டாளா? கால் மணி நேரம் பார்த்துக்கிட்டு நிக்க நல்லதா நாலு கலர். அவ்வளவுதான்.

திங்கக்கிழமை அவ ஜெபராஜ் கடைக்குப் போனா. அந்த ஏழு கடையில அதுதான் பெருசு. ஜெபராஜ் ஒல்லியா, உசரமா, மூக்கு மேல டைல்ஸ் தூசியோட இருப்பார். "வாங்கக்கா. பாத்ரூமா, கிச்சனா?"

"பாத்ரூம், அண்ணே. கலரா வேணும்."

"டார்க், லைட், நடுவுல ஹைலைட்டர்"னு அவர் மந்திரம் சொல்ற மாதிரி சொன்னார். ஹைலைட்டர்னா ஒண்ணும் இல்ல, சுவத்து நடுவுல வர்ற படம் போட்ட டைல்ஸ். ஒவ்வொண்ணா இழுத்து இழுத்துக் காட்டினார், கிர்ர், கிர்ர்னு. அதுல ஒரு மயில். நீலமும் பச்சையுமா தோகையை விரிச்சு, ஒரு முழ உசரத்துக்கு. தெய்வானைக்கு வாயெல்லாம் பல். சாம்பிளைப் புடவைத் தலைப்புல சுத்தி, ஷேர் ஆட்டோவில மடியில வெச்சுக் கொண்டு வந்தா, குழந்தையைக் கொண்டு வர்ற மாதிரி. பாத்ரூம்ல அதைச் சுவர்ல சாய்ச்சு வெச்சா.

முதல்ல மாமனார் குளிக்கப் போனார். அஞ்சு நிமிஷம் ஆச்சு. தண்ணிச் சத்தமே இல்ல. பத்து நிமிஷம். இல்ல.

"மாமா, வாளியில தண்ணி இருக்கா?"

கதவு திறந்துச்சு. கட்டின வேட்டியோட, காஞ்ச உடம்போட, மாமனார். நெத்தியில புதுசா விபூதி. உள்ள எட்டிப் பார்த்தா மயிலுக்கும் விபூதி பூசி இருக்கார்.

"முருகன் வாகனம் நிக்குது உள்ள. அதுக்கு முன்னால நான் எப்படிம்மா வேட்டியை அவுக்கறது?"

"படம்தானே, மாமா."

"பழனியில இருக்கறதும் படம்தானேன்னு சொல்லுவியா? உன் பேரே தெய்வானை. உன் வீட்டுக்காரர் வண்டியையா கொண்டு வந்து குளிக்கற ரூம்ல நிறுத்துவ?"

ரத்னசபாபதிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவனுக்கு ஒரு ஸ்கூட்டர் இருக்கே, அதை யாரும் கும்பிடறதில்ல.

ம்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை. தெய்வானை மயிலைத் தூக்கிக்கிட்டுத் திரும்பக் கடைக்குப் போனா. ஜெபராஜ் அவளைத் தூரத்துல பார்த்ததுமே கேட்டார், "விபூதி பூசிட்டாங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினெட்டு வருஷக் கடை அக்கா. நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன். ஆனா உங்க சாமி யார் யாரு எதுல ஏறிப் போவாங்கன்னு என்கிட்ட கேளுங்க. அன்னம் கொண்டு போனா சரஸ்வதின்னு திரும்பி வரும். கிளி மீனாட்சி கையில. மீனும் ஆமையும் பெருமாளே வந்ததுன்னுடுவாங்க. நாய்ப் படம் ஒண்ணு பாக்கி இருந்துச்சு, அது பைரவராம். தாமரைப்பூ வெச்சேன், அதுல லட்சுமி உக்காரணுமாம். எல்லாத்துக்கும் ஆள் இருக்கு அக்கா."

"அப்ப சாமியே ஏறாத படமாக் குடுங்க."

அவர் யோசிச்சு யோசிச்சு, உள்ள போய் ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்தார். அருவி. பச்சைப் பச்சையா மரம், நீலமா வானம், நடுவுல வெள்ளியை உருக்கி ஊத்தின மாதிரி தண்ணி. மிருகம் இல்ல, பறவை இல்ல, பூ இல்ல. பார்த்தாலே குளிருது. தெய்வானை ரெண்டு தடவை உத்துப் பார்த்துட்டு எடுத்துக்கிட்டு வந்தா.

அன்னைக்கு மாமனார் குளிச்சார். சளப் சளப். ஒண்ணும் சொல்லல. அப்புறம் மாமியார் போனாங்க. தெய்வானை வெளிய நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தா. சொம்பு எடுக்கற சத்தம், கிணுங். அப்புறம் சத்தம் இல்ல. அப்புறம் தாழ்ப்பாள், படார். காந்திமதி புடவையை அள்ளிச் சுருட்டிக்கிட்டு வெளிய வந்தாங்க, முகம் சிவந்து போய்.

"உள்ள ஒரு ஆம்பளை இருக்கான்."

அவ்வளவுதான். மாமனார் ஊன்றுகோலை எடுத்தார். ரத்னசபாபதி துடைப்பத்தை எடுத்தான். தடதடதடன்னு உள்ள ஓடினாங்க. உள்ள யாரு? ஒரு பல்லி.

"எங்கம்மா இருக்கான்?"

"டைல்ஸ்லடா. நல்லாப் பாரு. அந்தப் பாறை மேல, வலது பக்கம்."

எல்லாரும் குனிஞ்சு பார்த்தாங்க. மாமனார் நெத்தியில இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுப் பார்த்தார். ஆமா. பாறை மேல எறும்பு அளவுக்கு ஒருத்தன் உக்காந்திருக்கான். மஞ்சள் சட்டை. படம் எடுத்தப்போ யாரோ டூரிஸ்ட் குறுக்க உக்காந்திருக்கான், சனியன்.

"அத்தை, அவன் அந்தப் பக்கம் திரும்பித்தானே உக்காந்திருக்கான்?"

"இப்ப அந்தப் பக்கம். நான் சோப்பு போடும்போது திரும்பினா?"

டைல்ஸ்ல இருக்கறவன் திரும்புவானா? நீ சொல்லு. தூங்கிட்டியா?

ம்.

தூங்கலையா. சரி.

அப்புறம் புதன்கிழமை. கடைசி நாள். தெய்வானை கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் ஷட்டர் வாசல்ல நின்னா. ஜெபராஜ் அருவியை வாங்கி, அந்த மஞ்சள் சட்டைக்காரனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ரெண்டு வருஷமா இதை விக்கறேன். இவனை நான் பார்த்ததே இல்லை அக்கா."

"எங்க அத்தை பார்ப்பாங்க. சாமியும் கூடாது, ஆளும் கூடாது. இருக்கா, இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. கிச்சன் டைல்ஸ். காய்கறி. கத்திரிக்காய்க்கு எந்தச் சாமியும் சொந்தம் கொண்டாடாது. எலுமிச்சம்பழம் இல்லாத டிசைனாப் பார்த்துத் தர்றேன், அது அம்மனுக்குப் போயிடும்."

நல்ல கலர்தான். ஊதாக் கத்திரிக்காய், சிவப்புத் தக்காளி, பச்சை வெண்டைக்காய், ஆரஞ்சுக் கேரட். தெய்வானைக்கு மனசுல என்னமோ ஒண்ணு முணுமுணுன்னுச்சு. என்னன்னு பிடிபடல. நேரமும் இல்ல. கொண்டு வந்துட்டா.

மாமனார் போனார். சளப் சளப். நல்லாக் குளிச்சு, தலை சொட்டச் சொட்ட வந்தார். "வெண்டைக்காயைப் பார்த்ததும் மோர்க்குழம்பு ஞாபகம் வந்துடுச்சு. இன்னைக்கு அதையே வெச்சிடு."

மாமியார் போனாங்க. கால் மணி நேரம் உத்துப் பார்த்திருக்காங்க, ஒரு ஆளும் இல்ல. "கேரட்டை பொடியா நறுக்கிப் பொரியல் பண்ணிடு. ரொம்ப நாளாச்சு."

ரத்னசபாபதி வந்தான். "எண்ணெய்க் கத்திரிக்காய். சின்னக் காயா வாங்கு."

பொண்ணுங்க ரெண்டும் வந்துச்சுங்க. "தக்காளி தொக்கு, அம்மா. நாளைக்கு ஸ்கூலுக்கும் கட்டிக் குடு."

"அப்பாடா. காரியம் முடிஞ்சுது. மேஸ்திரிக்குப் போன் போடுடா"ன்னு மாமனார் முத்திரை குத்திட்டார்.

கடைசியா தெய்வானை உள்ள போனா. கதவைச் சாத்தினா. திரும்பினா. கத்திரிக்காய் அவளைப் பார்த்துச்சு. வெண்டைக்காய் பார்த்துச்சு. எல்லாம் வரிசையா உக்காந்து, எப்போ அரிவாள்மணையை எடுக்கப் போறன்னு கேக்கற மாதிரி. அஞ்சு பேர் சொன்ன நாலு சமையல் காதுக்குள்ள. அப்போதான் அவளுக்கு அந்த முணுமுணுப்பு பிடிபட்டுச்சு. எந்த இடத்துல இருந்து தப்பிச்சு இங்க வர்றாளோ, அந்த இடத்தையே பெயர்த்துக் கொண்டு வந்து இங்க ஒட்டப் போறா. தினம் தினம். அவ கைக்காசு போட்டு ஷேர் ஆட்டோவுல போய், அவளே எடுத்துக்கிட்டு வந்தது.

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். கலர் கிடைச்சிருக்கும், சண்டை இருந்திருக்காது. வாயைத் திறந்தா வெள்ளை.

அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்தா. காஞ்ச புடவை, காஞ்ச தலை.

"எனக்குப் பிடிக்கல"ன்னா.

ஹால்ல எல்லாரும் நிமிர்ந்து பார்த்தாங்க. அந்த வீட்டுல அப்படி ஒரு வார்த்தையை அவ வாயில இருந்து யாரும் கேட்டதில்ல.

"நீதானே எடுத்த?"ன்னான் ரத்னசபாபதி.

"நான்தான் எடுத்தேன். பிடிக்கல."

"எல்லாரும் குளிச்சாச்சே, அப்புறம் என்ன?"ன்னார் மாமனார்.

காந்திமதி விரலை மடக்கி எண்ணினாங்க. அவரு, நானு, இவன், பெரியவ, சின்னவ. அஞ்சுல நின்னுச்சு. ஆறாவது விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"ஆறு பேருன்னு நான்தானே சொன்னேன்"னாங்க. "ஆறு பேருன்னா ஆறு பேர்தான். இவளும் மூஞ்சி சுளிச்சாச்சு. அப்ப வெள்ளை. போய்ச் சொல்லிட்டு வா."

நியாயம்தான். காந்திமதிகிட்ட நியாயம் உண்டு, இரக்கம்தான் கொஞ்சம் கம்மி.

தெய்வானை கத்திரிக்காயைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனா. கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா கீழ விழல. "வெள்ளை போடுங்க, அண்ணே"ன்னா. ஜெபராஜ் வெள்ளை எவ்வளவு இருக்குன்னு பார்க்க குடோனுக்குள்ள போனார். அவளும் பின்னாடியே போனா, அங்க ஃபேன் இருந்துச்சு. மூலையில அடுக்கி வெச்சிருந்த பெட்டி மேல உக்காந்தா. பெட்டி ஒரு பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. உள்ள மஞ்சளா தெரிஞ்சுச்சு.

விரலை விட்டுக் கிழிச்சா. டர்ர்ர்.

மஞ்சள். வெறும் மஞ்சள். மாம்பழத்தோட கன்னம் மாதிரி. படம் இல்ல, கோடு இல்ல, ஒரு புள்ளிகூட இல்ல. பக்கத்துப் பெட்டியைக் கிழிச்சா, கிளிப்பச்சை. அடுத்தது, வெங்காயத்தோல் ரோஸ். அடுத்தது, மயில் கழுத்து நீலம், மயில் மட்டும் இல்ல.

"என்னக்கா பண்றீங்க? அது ஒரு பாலர் பள்ளிக்கு வரவழைச்சது, வேண்டாம்னுட்டாங்க. அதுல டிசைன் இல்லையே. பிளெய்ன் டைல்ஸை யாரு வாங்குவா?"

"மூணு நாளா கலர் கேட்டுக்கிட்டு வந்து நிக்கறேன். நீங்க ஏன் இதைக் காட்டல?"

"நீங்க கலர் கேட்டீங்க. நான் படம் காட்டினேன்"னார் ஜெபராஜ், தலையைச் சொறிஞ்சுக்கிட்டே. "எல்லாருக்கும் அதைத்தானே காட்டறேன். நீங்களும் படத்தைத்தானே எடுத்தீங்க."

அது உண்மை. தெய்வானைக்கே சிரிப்பு வந்துடுச்சு, கண்ணுல நின்ன தண்ணியோட.

"இதைப் போடுங்க. நாலு கலரும்."

"சாம்பிள் கொண்டு போய்க் காட்டிட்டு வாங்க அக்கா. ஒட்டின அப்புறம் என்கிட்ட வரக் கூடாது."

"சாம்பிள் வேண்டாம்"னா தெய்வானை.

ம்.

வியாழக்கிழமை காலையில தாசன் மேஸ்திரி ஒரு பக்கம் வந்தார், டைல்ஸ் டெம்போ ஒரு பக்கம் வந்துச்சு, டுர்ர்ர்னு. காந்திமதி முட்டி வலியோட வாசலுக்கு வந்து பெட்டி மூடியைத் தூக்கினாங்க.

"இதுவா வெள்ளை?"

"இல்ல, அத்தை."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"யாரையும் கேக்கல."

காந்திமதி ஒரு டைல்ஸை எடுத்து முன்னாடி பார்த்தாங்க, பின்னாடி திருப்பிப் பார்த்தாங்க. "சாமி?"

"இல்ல."

"ஆளு?"

"இல்ல, அத்தை. நல்லாத் தேடுங்க."

"காய்?"

"அதுவும் இல்ல."

"அப்ப இதுல என்னதான் இருக்கு?"

"கலர்."

காந்திமதி மஞ்சளைத் தரையில வெச்சாங்க. பக்கத்துல பச்சையை வெச்சாங்க. தலையைச் சாய்ச்சுப் பார்த்தாங்க. தாசன் மேஸ்திரி சிமெண்டு கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு யாரு ஜெயிக்கறாங்கன்னு பார்த்துக்கிட்டு நின்னார். ரத்னசபாபதி வாயைத் திறக்கவே இல்ல, "அம்மாவைக் கேளு"ன்னு சொல்ல வழியில்ல, அம்மாவே பக்கத்துல நிக்கறாங்க.

"ரோஸைக் கீழ போடாத"ன்னாங்க காந்திமதி கடைசியில. "சோப்பு நுரை பட்டா திட்டுத் திட்டாத் தெரியும். நீலத்தைக் கீழ போடு. அதுக்கு மேல பச்சை."

"வரிசையை நான் சொல்றேன், அத்தை."

மேஸ்திரி கரண்டியைக் கீழ வெச்சார். அப்புறம் காந்திமதி, "எனக்கு என்ன வந்துச்சு, சொல்லு"ன்னு ஒரு ஸ்டூலை இழுத்து, பாத்ரூம் வாசல்லயே போட்டு உக்காந்துட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கல. தெய்வானை ஒவ்வொரு வரிசையாச் சொல்லச் சொல்ல, மேஸ்திரி ஒட்டினார், டொக் டொக், டொக் டொக். நீலத்தைக் கீழதான் போடச் சொன்னா. நல்ல யோசனைன்னா யார் சொன்னா என்ன.

மூணு நாள் தண்ணி படக் கூடாதுன்னுட்டார் மேஸ்திரி. நாலாவது நாள் எல்லாரும் துண்டோட வரிசையில நின்னாங்க. மாமனார் உள்ள போய் நாலு சுவத்தையும் தேடினார், கும்பிட யாரும் இல்ல. சளப் சளப். மாமியார் போனாங்க. அஞ்சு நிமிஷத்துல வர்றவங்க அரை மணி நேரம் ஆச்சு. "தண்ணி நல்லா வருது"ன்னாங்க, சுவரைப் பத்திப் பேச்சே இல்ல. ரத்னசபாபதி, பெரியவ, சின்னவ. யாரும் மூஞ்சி சுளிக்கல. யாரும் குழம்பு பேரும் சொல்லல.

கடைசியா தெய்வானை போனா.

கால் மணி நேரம் ஆச்சு. வெளிய இருந்து மாமியார் குரல். "தெய்வானை, ரசம் பொங்குது."

"இறக்கி வையுங்க, அத்தை. குளிக்கறேன்."

அப்புறம் சமையல்கட்டுல இடுக்கிச் சத்தம். டங்.

உள்ள தெய்வானை எப்பவோ குளிச்சு முடிச்சுட்டா. தலையைத் துவட்டி, புடவையும் கட்டியாச்சு. சும்மாத்தான் நின்னுக்கிட்டிருந்தா, ஈரச் சுவத்துல உள்ளங்கையை வெச்சு, மஞ்சள்ல இருந்து ரோஸுக்கு, ரோஸ்ல இருந்து திரும்ப மஞ்சளுக்கு. அவசரமே இல்லாம.

ம்?

ம் காணோம். நல்லது. கதையும் குளிச்சு, துவட்டி, பொட்டு வெச்சுக்கிட்டு வெளிய வந்தாச்சு. நீ தூங்கு.